ஊர் என்று எழுதலாமா?



சென்ற தவணையிலே ஒன்பதாம் ஆண்டு மாணவருக்கு 'எனது ஊர்' என்ற தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். தமிழாசிரியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் தலைப்புத்தான். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதத் தொடங்கிய வேளையில், டயகமவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "சேர், தோட்டத்தை ஊர் என்று எழுதலாமா?" என்று கேட்டான். "எழுது" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். ஆனால் அவனது கேள்வி என்னை இருக்கவிடவில்லை. இன்றைய உரையிலே அந்தக் கேள்விக்குத்தான் விடைதேட விரும்புகிறேன்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நாகசேனை, அக்கரப்பத்தனை என்று வளைந்து வளைந்து செல்லும் பாதையிலே, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் டயகம அமைந்திருக்கிறது. சமவெளியில் பிறக்கும் ஆக்ரா ஓயா இந்தப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கிக் கொத்மலை ஓயாவாகி மகாவலியைச் சேர்கிறது. அயலிலுள்ள தோட்டங்களின் பெயர்களைக் கேளுங்கள்: சாண்ட்றிங்ஹாம், பல்மோரல், கிளாஸ்கோ. முதலிரண்டும் ஆங்கிலேய அரச குடும்பத்தின் மாளிகைகள். மூன்றாவது ஸ்கொட்லாந்தின் பெருநகரம். கடல்கடந்து வந்த துரைமார் தம் நாட்டு நினைவுகளை இந்த மலைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள். டயகம மட்டும் மண்ணின் பெயரோடு நிற்கிறது. சிங்களத்திலே 'தியகம' என்றால் நீருள்ள ஊர் என்று பொருள்கொள்ளலாம். அது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே டயகம ஆகியிருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. எப்படியாயினும் 'கம' என்பதன் பொருள் ஊர் என்பதே. பெயரிலேயே ஊரைச் சுமந்து நிற்கும் இடத்திலிருந்து வரும் பிள்ளைதான், அதை ஊர் என்று எழுதலாமா என்று கேட்கிறான்!

இந்த ஐயம் அவனுடைய சொந்த ஐயமன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தமிழகத்திலிருந்து கூலிகளாக நம் முன்னோர் வரத் தொடங்கினர். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுசென்றன. கோப்பி பருவத்துக்குரிய பயிர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் தம் கிராமங்களுக்குத் திரும்பினர். 1869இல் கோப்பி இலைகளிலே துருநோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை ஏறியது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியபோது மலையகத்தின் உட்பள்ளத்தாக்குகளும் திறந்துகொண்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலைக்குப் பருவமில்லை. வருடம் முழுவதும் கொழுந்து துளிர்க்கும். வருடம் முழுவதும் கொய்ய வேண்டும். கொய்வதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். எனவே ஆண்கள் மாத்திரம் வந்துபோன காலம் மாறி, குடும்பங்கள் வந்து குடியேறின. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். முதியவர்கள் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். தோட்டத்தைக் குடியிருப்பாக்கியது கம்பனியின் கருணையன்று, தேயிலைச் செடியின் இயல்பே.

கங்காணி தன் சுற்றத்தையும் தன் கிராமத்தாரையும் கூட்டமாகத் திரட்டி வந்தார். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள் லயங்களிலே அடுத்தடுத்து அமர்ந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவுக்குள் தமிழகத்துக் கிராமமே மடித்து வைக்கப்பட்டது எனலாம். உறவுமுறையும் குலதெய்வமும் வந்தன. கூடவே சாதியும் வந்தது. நல்லதை மட்டும் சொல்லிக் கெட்டதை மறைத்தால் அது வரலாறாகாது. கடனும் அவ்வாறே வந்தது. 'துண்டு' என்ற கடன்சீட்டு ஒரு தொழிலாளியை ஒரு தோட்டத்தோடு கட்டிவைத்தது. அந்த முறை ஒழிக்கப்பட்டது 1921இலேதான்.

அந்த நாளிலே 'ஊர்' என்ற சொல் எதைக் குறித்தது? தமிழகத்திலே விட்டுவந்த கிராமத்தை. "ஊருக்குப் போறோம்" என்றால் இந்தியாவுக்குப் போகிறோம் என்றே பொருள். இங்கே இருப்பது தோட்டம், அங்கே இருப்பது ஊர். இந்தப் பாகுபாட்டை முதல் தலைமுறை ஆசையோடு சொல்லிக்கொண்டது. பின்வந்த சட்டமோ அதையே ஆயுதமாக்கியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான், டயகமவின் வாசலாகிய தலவாக்கலைத் தொகுதி எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தது. வாக்களித்த மக்கள் வாக்கிழந்தார்கள்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு தலைநகரங்கள் மக்களைப் பங்குபோட்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையகத்து நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். போகிறவரும் அழ, நிற்கிறவரும் அழ, நகர்ந்து சென்ற கோச்சி அது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! பாட்டன் 'ஊர்' என்று சொன்ன இடத்துக்குப் பேரன் சென்று இறங்கியபோது, அங்கே அவனுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரன்'. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை தேடிக்கொண்டவர்கள் பலர். அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது, ஊர் பின்னாலே நின்றுவிட்டதென்று.

அப்படியானால், ஆவணம் எதுவும் இல்லாமலே தோட்டத்தை ஊராக்கியது எது? நேயர்களே, இங்கேதான் நம் மரபுரிமை இருக்கிறது.

விடியற்காலையிலே தப்பு முழங்கும். அது பெரட்டுத் தப்பு. வேலைக்கு வா என்று அழைப்பது. சாவுக்கு ஓர் அடி உண்டு. காமன் கூத்துக்கு வேறோர் அடி உண்டு. மூடுபனியிலே எதிரே வருபவர் யாரென்று தெரியாத வேளையிலும், அடியைக் கேட்டே பக்கத்து லயத்திலே என்ன நடக்கிறதென்று அறிந்துகொள்வார்கள். இது எழுத்தில்லாத ஒரு செய்தித்தாள்.

மாசி மாதத்திலே காமன் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதனும் ரதியும் வீதியிலே ஆடிவருவார்கள். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். பௌர்ணமி இரவிலே காமன் எரிந்து சாம்பலாக, ரதியின் புலம்பல் மலையெங்கும் எதிரொலிக்கும். பின்னர் அவன் உயிர்த்தெழுவான். பகலெல்லாம் முள்ளுக் குத்தியவனும் கவ்வாத்து வெட்டியவனும் அன்றிரவு தேவர்களாவார்கள். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அடங்கி நடந்த மக்களுக்கு, தாமே தலைவராக நின்று நடத்திய ஒரு பெருவிழா அது.

தெய்வங்களைப் பாருங்கள். மாரியம்மனும் முனியாண்டியும் தமிழகத்திலிருந்து கூடவே வந்தவர்கள். கவ்வாத்துச்சாமி எங்கிருந்து வந்தார்? கொழுந்துச்சாமி எந்தப் புராணத்திலே இருக்கிறார்? தேயிலை ஆலையின் பெருஞ்சக்கரமாகிய ரோதையிலே குடியிருக்கும் ரோதைமுனி இந்த மலைகளிலே பிறந்த தெய்வமல்லவா? தொழிலிலிருந்தே தெய்வத்தைப் படைத்துக்கொண்ட மக்களை வந்தேறிகள் என்று யார் சொல்ல முடியும்? கும்பிடும் சாமி பிறந்த மண்தான் ஒருவனுடைய ஊர்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஊருக்கு அதன் தியாகிகளும் சாட்சி. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்ட மக்களோடு நின்ற சிவனு லட்சுமணன் டெவனிலே சுடப்பட்டு இறந்தார். இவ்விருவருக்கும் இடையிலே டயகமவுக்குரிய ஒரு பெயர் இருக்கிறது. 1956இல் டயகமத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்திலே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர் ஏபிரகாம் சிங்கோ. அவர் ஒரு சிங்களத் தொழிலாளி. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே 1956ஆம் ஆண்டிலே, தமிழ்த் தொழிலாளரோடு தோளோடு தோள் நின்று ஒரு சிங்களவர் இந்த மலையிலே உயிர்விட்டார். தியாகிகளை வரிசைப்படுத்தும் நம் மேடைகளிலே அவரது பெயர் பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது. டயகமவின் மரபுரிமையில் அவருடைய பங்கை மறந்தால் நாம் நன்றி கொன்றவராவோம்.

இனி, சற்றே கடல்கடந்து பார்ப்போம். ருமேனியா என்ற நாட்டிலே டிமிற்றி குஸ்தி என்ற சமூகவியலறிஞர் மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார். குடியானவரின் வீடுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து, தலைநகர் புக்காரெஸ்டிலே 1936இல் கிராம அரும்பொருட்சாலை ஒன்றை நிறுவினார். அந்நாட்டின் வடக்கேயுள்ள சப்புன்ஸா என்ற சிற்றூரின் மயானம் இன்னும் வியப்புக்குரியது. அங்கே ஆட்டிடையனுக்கும் நெசவு செய்த கிழவிக்கும் வர்ணம் தீட்டிய மரச்சிலுவை உண்டு. அவரவர் வாழ்வைச் சொல்லும் சித்திரமும் செய்யுளும் அதிலே உண்டு. சாதாரண மனிதனும் நினைவுகூரத் தக்கவனே என்ற எண்ணம் அங்கே ஊரின் மரபாகிவிட்டது.

நம் மலைகளிலே துரைமாரின் கல்லறைகளிலே பெயரும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறையைப் பொகவந்தலாவைத் தேவாலயத்திலே இன்றும் காணலாம். ஆனால் நம் பாட்டன் பாட்டிகள் புதைந்த இடங்களின் மேலே தேயிலை தளிர்த்துவிட்டது. டயகமவுக்கு மேலேயுள்ள ஹோர்ட்டன் சமவெளி 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலே இடம்பெற்றது. காட்டுக்கும் மரைக்கும் அந்தப் பெருமை கிட்டியது நல்லதே. காட்டின் காலடியிலே வாழும் மக்களின் மரபை யார் பட்டியலிடுவது? கம்பளைக்கு அண்மையிலே பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலையாக்கி வைத்திருக்கிறார்கள். அது ஒரு நல்ல தொடக்கம். ஆயினும் ஒவ்வொரு தோட்டமும் தன் கதையைத் தானே எழுதிவைக்க வேண்டும்.

சட்டம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. எஞ்சியிருந்தோருக்கும் 2003இல் குடியுரிமை கிடைத்தது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளே செலவு செய்யத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை ஒரு பாதைக்குக் கல்பரப்பவும் நிர்வாகத்தின் தயவை நாட வேண்டியிருந்தது. 2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் முன்னோரின் வழியே நடந்தார்கள். ஏழு பேர்ச் காணியிலே தனிவீடு கண்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் லயத்திலேயே வாழும் பெருந்தொகையானோருக்குக் காலடி மண் இன்னும் சொந்தமில்லை. வறுமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துப் பட்டணத்துக்கு அனுப்புவதும் நின்றபாடில்லை. 2021இல், கொழும்பிலே வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருத்தியின் மரணம் நாட்டையே உலுக்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

காணியுறுதி அரசு தரவேண்டியது. அதைக் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். ஊரின் நினைவோ நாம் சேர்க்க வேண்டியது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பாட்டிமார் இருக்கும்போதே கேளுங்கள்: எந்த மலைக்கு என்ன பெயர், எந்தப் பீலிக்கரையில் யார் தண்ணீர் கண்டார், ஒப்பாரிக் கோச்சியிலே ஏறிப்போனவர் யார் யார்? எழுதி வையுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களை இப்படித்தான் கேட்டுச் சேர்த்தார்.

அந்த மாணவனுடைய கட்டுரை என் மேசைக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். எழுத்துப் பிழைகள் சில இருந்தன. சிவப்பு மையால் திருத்தினேன். தலைப்பை 'எனது தோட்டம்' என்று முதலில் எழுதி, 'தோட்டம்' என்ற சொல்லை வெட்டி, மேலே 'ஊர்' என்று எழுதியிருந்தான். அந்த வெட்டை மட்டும் நான் திருத்தவில்லை.