தீவாந்தரம்

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் மார்க்கஸ் கிளார்க்கின் கைதி நாவலை எடுத்துக்கொண்டோம். 1874இல் நூலாக வந்தது. செய்யாத குற்றத்துக்காக ரூஃபஸ் டாஸ் என்பவன், இன்று டாஸ்மேனியா எனப்படும் வான் டீமன் தீவுக்குக் கப்பலேற்றப்படுகிறான். கதையைவிட, மொழிபெயர்ப்பில் அந்தத் தண்டனைக்கு வைக்க வேண்டிய தமிழ்ச் சொல்லில்தான் விவாதம் சூடுபிடித்தது.

'நாடுகடத்தல்' என்றார் ஒருவர். எனக்கு ஒப்பவில்லை. நாட்டைவிட்டு விரட்டுவதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. போன இடத்தில் கல்லுடைத்தவன் அதில் இல்லை. மூலையிலிருந்த ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா, "தீவாந்தரம்னு போடுங்க சார், பழைய ஆளுங்களுக்குப் புரியும்" என்றார்.

தேசாந்தரம் வேறு தேசம் என்றால், தீவாந்தரம் வேறு தீவு. வடமொழி 'த்வீபாந்தர'த்தின் தமிழ் உருவம். பேச்சில் 'தீவாந்திரம்' ஆகிவிட்டது. அந்தரத்தில் விடுவதும் அதற்குள் கேட்பது என் காதின் கோளாறாக இருக்கலாம்.

சொல் ஒன்றாக நிற்க, தீவு மாறிக்கொண்டே வந்தது. முதலில் பினாங்கு: 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் எழுபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சிக்காரர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். 1825 முதல் சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகள் வந்தார்கள். அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. உட்சுவருக்கு மணலே சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் போட்டு அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர். கைதியோடு கைவேலையும் கப்பலேறியிருக்கிறது! அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கும் எவருக்கும் 'நாடுகடத்தல்' போதாத சொல்லாகத்தான் படும்.

1858இல் அந்தமான் குடியேற்றம் தொடங்கிய பிறகு வேறு தீவுகள் நினைவிலிருந்து தேய்ந்தன. தீவாந்தரம் என்றாலே அந்தமான்.

தீவுக்குப் போகாத தீவாந்தரமும் உண்டு. 1908இல் வ.உ.சிக்கு விதித்தது இதே தண்டனைதான். ஆனால் அவர் கோவை, கண்ணூர்ச் சிறைகளிலேயே அடைபட்டார், கோவையில் செக்கிழுத்தார்.

1955இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது இதை எடுத்துவிட்டு ஆயுள் தண்டனையை வைத்தார்கள். "ஆயுள்னா ஆயுள்தான். இதுல கடலே இல்லையே" என்றார் குமாஸ்தா. மொழிபெயர்ப்பில் தீவாந்தரம் என்றே போடுவதாக முடிவாயிற்று. நாவலின் கடைசி அத்தியாயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.