வாழ்க்கைத் துணையின் வருவாயும் வேலையில்லா உதவித்தொகையும்: பிரிட்டிஷ் வருவாய்ச் சோதனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேலை இழந்த ஒருவருக்கு அரசு உதவித்தொகை வழங்க முற்படும்போது, யாருடைய வருவாயைக் கணக்கில் கொள்வது என்னும் வினா எழுகின்றது. அவருடைய நிலையை மட்டும் நோக்குவதா, அவர்தம் மனைவி அல்லது கணவர் ஈட்டும் ஊதியத்தையும் சேர்த்து நோக்குவதா? பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வினாவுக்குப் பல்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. 1931இல் புகுத்தப்பட்ட வருவாய்ச் சோதனை 1941இல் ஒழிக்கப்பட்டது என்பதே பாடநூல்கள் பலவும் தரும் செய்தி. அது பாதி உண்மையே என்பதை இக்கட்டுரையில் காட்ட முற்படுகின்றோம்.

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம், கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய சில தொழில்களில் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ 22 இலட்சம் தொழிலாளர்களை உள்ளடக்கியது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய முத்தரப்பும் சந்தா செலுத்தின. வேலை இழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், 15 வாரங்கள் வரை கிடைத்தது. தொகை சிறியதாயினும் அதன் அடிப்படை தெளிவானது. சந்தா செலுத்தியவரே உரிமையாளர். அவர் வீட்டில் வேறு யார் சம்பாதிக்கின்றார் என்று எவரும் வினவவில்லை.

1920இல் திட்டம் பெரும்பாலான தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே வேளையில் வேலையின்மையும் பெருகியது. சந்தாவால் பெற்ற உரிமை தீர்ந்தவர்களுக்கு அரசு நீட்டிப்புத் தொகை வழங்கிற்று. எனினும் 1922இல் அதற்கு ஒரு சோதனையை விதித்தது. கணவரின் ஆதரவை எதிர்பார்க்கத்தக்க மனைவி, மனைவியின் ஆதரவை எதிர்பார்க்கத்தக்க கணவர், பெற்றோருடன் வாழும் மணமாகாதோர் ஆகியோருக்கு அத்தொகை மறுக்கப்படலாயிற்று. இச்சோதனை 1924இல் நீக்கப்பட்டு, 1925இல் மீண்டும் வந்து, 1928இல் மறைந்தது. துணையின் ஊதியம் உரிமையைக் குறைக்கும் காரணமாக நுழைந்தது இங்கேதான். 1931ஐத் தொடக்கமாகக் கொள்வோர் இதனைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

1931 ஜூலையில் நிறைவேறிய முரண்பாடுகள் சட்டம் நம் சிறப்பான கவனத்திற்குரியது. இதனைக் கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசு. பொறுப்பில் இருந்தவர் பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினரான மார்கரெட் போண்ட்ஃபீல்ட். மணமான பெண், திருமணத்திற்குப் பின் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சந்தாக்களைச் செலுத்தியிருக்க வேண்டும் என்றும், தம் வட்டாரத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு தமக்கு உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும் என்றும் இச்சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்டது. திருமணத்திற்கு முன் பத்து ஆண்டுகள் சந்தா செலுத்தியிருந்தாலும் பயனில்லை. லங்காஷயர் பருத்தி நகரங்களில் மணமான பெண்கள் நெசவாலைக்குச் செல்வது தலைமுறை வழக்கம். அங்கே ஆலைகள் மூடப்பட்டபோது, வேலை கிடைக்கும் வாய்ப்பை மெய்ப்பிப்பது எங்ஙனம்? இரண்டு ஆண்டுகளுக்குள் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட மணமான பெண்களின் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. கணவரின் ஊதியம் எவ்வளவு என்று கேட்காமலே, கணவர் ஒருவர் இருக்கின்றார் என்பதே ஆதரவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நம் நோக்கில், அதன்பின் வந்த வருவாய்ச் சோதனையைக் காட்டிலும் கடுமையானது இதுவே. பின்னதில் கணக்கேனும் இருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வருவாய்ச் சோதனையே மக்கள் நினைவில் நிலைத்தது. 26 வாரக் காப்புறுதித் தொகை முடிந்தோர், உள்ளூர் பொது உதவிக் குழுக்களின் விசாரணைக்கு உட்பட்டனர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மனைவி, மகன், மகள் ஆகியோரின் ஊதியமும் சேமிப்பும் முதியோரின் ஓய்வூதியமும் கணக்கிடப்பட்டன. மகனுக்கு வேலை கிடைத்தால் தந்தையின் தொகை குறைந்தது. ஆகவே சம்பாதிக்கும் பிள்ளைகள் வேறு வீடு தேடிச் சென்றனர். வால்டர் கிரீன்வுட் 1933இல் வெளியிட்ட நாவலும், ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட நூலும் இந்நிலையைப் பதிவு செய்துள்ளன. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில், முதியவர்கள் சிலர் ‘மீன்ஸ் டெஸ்ட்’ என்னும் தொடரை ஒரு வசைச்சொல்லைப் போல் உச்சரித்ததை நாமே கேட்டிருக்கின்றோம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்டுவது பொருந்தும். அதே பேரரசின்கீழ் இருந்த மலாயாவில், இரப்பர் விலை வீழ்ந்து வேலை இழந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சோதித்துத் தருவதற்கான உதவித்தொகைத் திட்டமே இருக்கவில்லை. 1930 முதல் அவர்கள் பெருந்தொகையினராகத் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1935 தொடக்கத்தில் புதிய வேலையின்மை உதவி வாரியம் அறிவித்த விகிதங்களை எதிர்த்துத் தெற்கு வேல்ஸில் மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். அரசு சில வாரங்களுக்குள் பின்வாங்கிற்று. இறுதியில், எர்னஸ்ட் பெவின் தொழிலாளர் அமைச்சராயிருந்த போர்க்காலத்தில், 1941ஆம் ஆண்டின் தேவை நிர்ணயச் சட்டம் குடும்பச் சோதனையை நீக்கியது. ஆனால் நீங்கியது எது? வளர்ந்த மகனின், மகளின், சகோதரனின் வருவாய் முழுவதையும் கணக்கில் சேர்க்கும் முறை நீங்கியது. கணவன் மனைவி இருவரின் வருவாயை ஒன்றாகக் கொள்ளும் முறையோ அப்படியே எஞ்சியது. வீடு என்னும் அலகு சுருங்கித் தம்பதியர் என்னும் அலகாயிற்று.

1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, சந்தா அடிப்படையில் சோதனையற்ற உதவித்தொகையைப் பரிந்துரைத்தது. உண்மையான பயிற்சிக்கு உட்படுவோருக்கு அது காலவரம்பின்றித் தொடர வேண்டும் என்பதும் அதன் கருத்து. 1946ஆம் ஆண்டின் சட்டம் காலவரம்பை வைத்தது. வரம்பு கடந்தோர் 1948இல் தோன்றிய தேசிய உதவித் திட்டத்தை நாடினர். அங்கே துணையின் ஊதியம் காத்திருந்தது. 1966ஆம் ஆண்டின் சட்டம் மணம் புரியாமல் கணவன் மனைவியராய் வாழ்வோரையும் இவ்விதிக்குள் வெளிப்படையாகவே கொண்டுவந்தது. 1983 வரை இத்தகைய உதவியைத் தம்பதியரின் சார்பில் கோரும் உரிமை பொதுவாக ஆணுக்கே உரியதாயிருந்தது.

வேலையில்லாதோரின் மனைவியருள் பணிபுரிவோர் விகிதம், பணியில் உள்ளோரின் மனைவியரைவிடக் குறைவு என்பதை 1980களின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஒரே வட்டாரத்தில் இருவருக்குமே வேலை அரிதாயிருந்தது ஒரு காரணம். எனினும் மனைவியின் சிறு ஊதியம் ஏறத்தாழ முழுமையாகக் கழிக்கப்படும் நிலையில், அவ்வேலையை விடுவது கணக்கறிந்த முடிவே எனலாம். 1996 அக்டோபரில் அறிமுகமான வேலை தேடுவோர் உதவித்தொகை, காப்புறுதி உரிமையை 12 மாதங்களிலிருந்து 6 மாதங்களாகக் குறைத்தது. அதன்பின் துணை வாரத்திற்கு 24 மணிநேரமோ அதற்கு மேலோ பணிபுரிந்தால், ஊதியம் எவ்வளவாயினும், வருவாய் அடிப்படையிலான தொகை கிடைக்கவில்லை. துணையைப் பற்றிய விதி பெரிதும் மாறாமலே, உரிமைக் காலத்தைக் குறைத்ததன் வழி மேலும் பலர் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டனர்.

2013இல் தொடங்கிய ஒருங்கிணைந்த உதவித்தொகைத் திட்டமான ‘யுனிவர்சல் கிரெடிட்’, தம்பதியர் இணைந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்கின்றது. இருவரின் ஊதியமும் கூட்டப்பட்டு, 2021இன் இறுதி முதல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் தொகை கழிக்கப்படுகின்றது. சந்தா அடிப்படையிலான தொகை துணையின் ஊதியத்தை நோக்குவதில்லை. ஆயினும் அது 182 நாள்களில் முடிந்துவிடுகின்றது. மலேசியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வேலைக் காப்புறுதித் திட்டமும் விண்ணப்பதாரரின் சொந்தச் சந்தாவையும் ஊதியத்தையுமே அளவுகோலாகக் கொள்கின்றது. அதன் வேலை தேடல் உதவித்தொகையும் 6 மாதங்களுக்கு மேல் நீள்வதில்லை.