உலுக்கும் பொறியும் கற்பிட்டித் தென்னையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் பெருங்கடல்; மறுபுறம் புத்தளம் கடனீரேரி. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இங்குள்ளது. ‘தமிழ் புளூராக்’ தந்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்த ஊரும் இதுவே. ஆயின் நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கோட்டையுமன்று, புலவருமன்று, காற்று. தென்மேற்குப் பருவக் காற்றாகிய சோளகம் மாதக்கணக்கில் இம்மணற்பரப்பின் தென்னைகளை ஓயாது ஆட்டுகின்றது. ஓலை கிழிகின்றது, குலையோ பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றது. மரத்தை உலுக்கிக் கனி கொள்ளும் பொறி பல நாட்டுத் தோட்டங்களிற் புகுந்தும் தென்னந்தோட்டத்தை வெல்லாத காரணத்திற் பாதி இக்காட்சியிலேயே அடங்கியுள்ளது.

உலுக்குதல் பழந்தொழில். புளியைப் பறிப்பது என்று எவர் சொல்வர்? உலுக்குவது என்பதே வழக்கு. கிளையில் ஏறி நின்று உலுக்குவர். எட்டாததைத் தடியால் அடிப்பர். மத்தியதரைக்கடல் நாட்டினரும் ஒலிவ மரத்தைக் கோலால் அடித்தே காய் உதிர்த்தனர். கி.மு. 37 அளவில் வேளாண்மை நூல் எழுதிய உரோம அறிஞர் வாரோ இதனை விரும்பினாரல்லர். அடி விழுந்தால் இளங்கிளை முறியும்; அதனோடு மறு ஆண்டு விளைச்சலும் போய்விடும் என்றார்.

அக்கவலை பொறியாலும் தீர்ந்தபாடில்லை. கலிபோர்னியாவின் வால்நட் தோட்டங்களில் முதலிற் கிளையில் வடத்தை மாட்டி உழவு இயந்திரத்தால் அசைத்தனர். 1950களிலும் 1960களிலும் கிளையையோ அடிமரத்தையோ கவ்வி அதிரச்செய்யும் பொறிகள் வளர்ச்சி பெற்றன. மெக்சிக்கோவிலிருந்து கூலியாட்களைத் தருவித்த பிரசேரோ ஒப்பந்தம் 1942இல் தொடங்கி 1964இன் முடிவில் நின்றது. ஆட்கள் அரிதாகுமென்ற அச்சம் பொறிமீது நாட்டத்தை மிகுவித்தது. இன்று ஒரு வாதுமை மரத்தைச் சில நொடிகளில் உலுக்கி முடிக்கின்றனர். எனினும் நீர் மிகுந்த மரத்திற் பட்டை உரியும். அப்புண் வழியே நோய் புகும்.

வாதுமைக்கு இசைந்தது தோடைக்கு எளிதில் இசையவில்லை. புளோரிடாவில் விளையும் வலென்சியாத் தோடை, பழுத்த கனியையும் வரும் ஆண்டுக்குரிய பிஞ்சையும் ஒரே வேளையிற் சுமந்து நிற்பது. பருவத்தின் கடைசியில் உலுக்கினால் பழத்தோடு பிஞ்சும் உதிரும். வாரோவின் கவலை இரண்டாயிரம் ஆண்டு கழித்து அமெரிக்கத் தோட்டத்தில் மீண்டும் எழுந்தது என்பேன்.

இனிக் கற்பிட்டிக்கு மீள்வோம். தோடை இரண்டு ஆண்டின் விளைவைத் தாங்குகிறதெனின், நெட்டைத் தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை விரிப்பது. காய் முற்றப் பதினொன்று, பன்னிரண்டு மாதம் செல்லும். ஆகவே பாளை முதல் குரும்பை, இளநீர், முற்றிய தேங்காய் ஈறாக எல்லாப் பருவமும் ஒரே தலையில் உள்ளன. தண்டோ நார் செறிந்து வளைந்து கொடுப்பது, காம்போ உறுதியானது. அதை அறுக்குமளவு உலுக்கினால் அடுத்த மாதங்களின் வருவாய் என்னாகும்? இங்கு வேண்டுவது வலிமையன்று, தெரிவு.

அத்தெரிவைச் செய்வது பறிப்பவரின் கண். மூங்கில்களைப் பொருத்தி நீட்டிய தடியின் நுனியிற் சத்தகத்தைக் கட்டி, நிலத்தில் நின்றபடியே முற்றிய குலையை மட்டும் அறுப்பார். காற்றில் அந்நெடுந்தடியை நிறுத்திப் பிடிப்பதே ஒரு வித்தை! அறுந்த காய் எங்கே விழும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறினால் உயிருக்கே கேடு. தாய்லாந்தில் குரங்கைப் பழக்கி மரமேற்றுவர். கேரளத்தில் ஏறுவோர் அருகியதால், 2011இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்க்கு ஏறுகருவியிற் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. அங்கும் பொறி உதவுவது ஏறுவதற்கு மட்டுமே. எக்குலையை வெட்டுவது என்பதை மேலேறியவரே முடிவு செய்கின்றார்.

நம் தோட்டங்களில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கொருமுறை பறிப்பு நிகழும். பறிப்பவர் கிடையாது ஒரு முறை தவறின், முற்றிய காய்கள் தாமாகவே ஒவ்வொன்றாய் விழத் தொடங்கும். பொறுக்கப்படாதவை மணலிற் கிடந்து முளைவிடும். தேங்காயாகவோ கொப்பறையாகவோ அவற்றை விற்க இயலாது.