சேர்வராயன் மலையும் சபை நாற்காலியும்

வைகாசியில் சேர்வராயன் கோயிலுக்கு மலையேறுவோர் வழிநெடுகக் காப்பித் தோட்டங்களைக் காண்பர். அத்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எம்.டி. காக்பர்ன் பெயரைக்கொண்டே தொடங்குகின்றனர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த அவரே இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தவர். பின்வந்த வெள்ளைத் துரைமார்களும் பிரமுகர்களாக ஏட்டில் இடம்பெற்றனர். காடு திருத்தியும் பழம் பறித்தும் மூட்டை சுமந்தும் உழைத்தவர்களோ மலையாளி எனப்படும் மலைக்குடிகளும், சமவெளியிலிருந்து ஏறிவந்த ஆதிதிராவிடர் உள்ளிட்ட கூலித் தொழிலாளருமாவர். அவர்தம் பெயர்களை அவ்வேடுகளில் காண்பது அரிது.

காரணம் யாது? பிரமுகர் என்னும் தகுதியை நிலமும் வரியும் சபை நாற்காலியுமே அந்நாளில் வழங்கின. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கெனத் தனித்தொகுதி ஒன்று இருந்தது. தோட்டத்தில் உழைத்தோர்க்கு அத்தகைய தொகுதி இல்லை. மாகாணம் முழுவதிலுமிருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்காகப் பேச, அரசு நியமித்த ஐவர்க்கே விதியில் இடமிருந்தது.

அச்சிலரே அரும்பணி ஆற்றினர். இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என வழங்குதல் வேண்டுமென்று 1922-இல் எம்.சி. ராஜா தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம் யாவும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் நிறைவேற்றுவித்தார். 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தால் சென்னை மாகாணத்திற்கு 30 தனியிடங்கள் கிடைத்தன. 1937 தேர்தலில் நம்மவர் வாக்குப் பெற்றுச் சபை புகுந்தனர். இன்று ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினர் தொகுதிகளாக விளங்குகின்றன.

ஆயினும், தலைநகரில் கிடைத்த இடம் ஊர்ச்சாவடியில் எளிதிற் கிடைத்துவிடவில்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 1996-இல் தேர்தல் வந்தது. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட மேலவளவில் தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் முறையான தேர்தல் 2006-இல்தான் நடந்தேறியது. ஊராட்சித் தலைவர் பதவிக்கு நம்மவர் உயிரையே விலையாகக் கொடுத்துள்ளனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சமுதாய இளைஞர்களே! நாற்காலியைச் சட்டம் தரும். அதில் அமர்ந்து வரவுசெலவுக் கணக்கைப் படித்தறியவும், தீர்மானம் எழுதவும், பிறர் நீட்டும் தாளில் கண்மூடிக் கையொப்பமிடாதிருக்கவும் கல்வியே துணை. நம் கல்விச் சங்கத்தின் நோக்கமும் அதுவே. கிராம சபைக்குத் தவறாது செல்லுங்கள். ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேளுங்கள். காடு திருத்திய நம் முன்னோரின் பெயர்களை, முதியோர் வாழும் இக்காலத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். நாம் எழுதாவிடில், அடுத்த தலைமுறைக்கும் துரைமார் பெயர்களே எஞ்சி நிற்கும்.