'யாறு': ஒரு தொல்திராவிடப் பெயரின் தோற்றமும் வேற்றுமைத் திரிபும்

நீரோட்டத்தைக் குறிக்கும் 'ஆறு' என்பதும் எண்ணைக் குறிக்கும் 'ஆறு' என்பதும் இன்று ஒலியால் ஒன்றே. ஆயினும், நொய்யற்கரை மக்கள் நீரோட்டத்தைச் சுட்டுங்கால் 'ஆத்துல' என்பர். எண்ணைச் சுட்டுங்கால் அவ்வாறு கூறார். இவ்வேறுபாட்டின் தொன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நெறி எனப் பொருள்படும் 'ஆறு' ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முதற்கண் தோற்றம். சங்கச் செய்யுட்களில் நீரோட்டத்தின் பெயர் 'யாறு' என வழங்கும். யகரம் ஆகாரத்தோடு அல்லது மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அந்த யகரமே பின்னர்க் கெட்டது. தமிழின் மொழிமுதல் 'யா' தெலுங்கில் 'ஏ' ஆதலை யானை–ஏனுகு, யாண்டு–ஏடு என்பவற்றால் அறியலாம். அவ்வாறே 'யாறு' அங்கு 'ஏறு' ஆயிற்று. எண்ணுப்பெயரோ தெலுங்கிலும் 'ஆறு' என்றே நிற்கிறது. ஆதலின் இவை பிறப்பால் இருவேறு சொற்கள். பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961) இவற்றைத் தனித்தனியே வைத்துள்ளது.

இனித் திரிபு. வேற்றுமைப்பொருளில் இத்தகைய குற்றியலுகரச் சொற்கள் இடையே இனவொற்று மிகும் என்றார் தொல்காப்பியர். டகர றகர ஒற்றுகள் பெரும்பாலும் இரட்டும் என வரையறுத்தார், கொங்குச் சீனாபுரத்தார் என மரபு கூறும் நன்னூலார் பவணந்தி. மாணவர் பலர் இதனை ஒலிப்புணர்ச்சி என்றே கொள்வர். அஃது அமையாது. 'ஆற்றில்', 'ஆறில்' என்னும் இரண்டிலும் வருமொழி முதல் இகரமே. முன்னது இரட்டிற்று, பின்னது இரட்டவில்லை. பழைய வழக்கிலும் 'யாற்றை' என இரட்டுவதன் எதிரே, எண்ணுப்பெயர் அன்சாரியை பெற்று 'ஆறனை' என வரும். எனவே இரட்டித்த வடிவம் வேற்றுமை உருபு ஏற்பதற்குரிய பெயரடி என்க. கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலேயே இதனை அவ்வாறு கண்டார்.

இவ்வடி தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளம் 'ஆற்றில்' என்னும். தெலுங்கில் 'ஏறு' என்பதன் வேற்றுமையடி 'ஏடி'. ஆண்டு டகரம் ஒலிப்பிலா வல்லொலியாகும். நெடிலை அடுத்த அவ்வொலி பழைய இரட்டை ஒற்றின் எச்சம். 'நாடு' அங்கு 'நாடி' என அடிதிரிவதும், தமிழில் 'நாட்டு' ஆவதும் இதற்கு இனம். ஆகவே *யாறு, *யாற்று என்னும் இரட்டையைத் தொல்திராவிட நிலைக்கே உரியதாகக் கொள்கின்றோம். தொல்சிலாவியத்தில் வானத்தைக் குறிக்கும் 'நெபோ' என்னும் பெயரும் ஆறாம் வேற்றுமை முதலியவற்றில் 'நெபெஸ்' என வேறடி கொள்வது ஒப்புநோக்கத்தக்கது.

நொய்யற்கரை 'ஆத்துப்பாளையம்' என்னும் ஊர்ப்பெயரில் றகர இரட்டை தகர இரட்டையாயினும் பழைய அடி சிதையவில்லை. யகரம் கெட்டுச் சொற்கள் ஒலியால் ஒன்றிய பின்னும், அவற்றின் வேற்றுமையைக் காத்து நிற்பது இவ்வடியே. ஆதலின் இத்தகைய பேச்சு வடிவங்களைக் கொச்சையென ஒதுக்காது, சொல்வரலாற்றுக்குச் சான்றெனக் கொள்ளுதல் ஆய்வாளர் கடனாகும்.