பதம் பார்த்து இட்ட வித்து

மட்டாஞ்சேரியில் வந்து குடியேறினும், புதுமணப் பெண்ணை “விசேஷம் உண்டா?” என வினவும் வழக்கத்தை நாம் விட்டோமில்லை. பிள்ளையில்லையேல் பழி பெண்ணுக்கே. அப்பழி துடைக்க எழுந்த கலையொன்றின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1890-இல் வால்டர் ஹீப் என்னும் ஆங்கிலேயர் ஒரு முயலின் கருவை மற்றொரு முயலின் கருமுட்டைக் குழாயில் வைத்து வளரச் செய்தார். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் அடுத்தது பிறந்தது.

அதனை ஆக்கியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். முட்டைகள் பல விளைய அவர் ஊசிமருந்து தந்தார். அம்மருந்தால் கருப்பையின் பதம் குலையும். ஆதலின் கருவை உறைகுளிரில் காத்து, பின்னொரு மாதத்தில் வைத்தார்; நிலம் பதப்படும்வரை விதைநெல்லைக் காக்கும் உழவரைப் போல.

அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-இல் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவுடன் வெற்றி கண்டு, முதல்வர் எனப் போற்றப்பட்டவர் ஆனந்தகுமார். அவரே முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, “முதல்வர் அவரே” என 1997-இல் உலகறியச் சொன்னார். என்னே பெருந்தன்மை! சென்னையில் 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் இக்கலையை வெற்றியுடன் நிகழ்த்தினார்.

இன்று கருவை உறையவைத்துப் பின்னர் வைப்பது எங்கும் வழக்கம். மெல்லிய குழாயால், ஸ்கேன் திரையில் இடம் பார்த்து, கருப்பை நோகாமல் வைக்கின்றனர். ஆயினும் முதன்முறையே எல்லார்க்கும் பலிப்பதில்லை.

பலிப்பினும் பலியாவிடினும், நம் காலனியில் எப்பெண்ணையும் அவ்வினா சுடாதிருப்பதாக!