தாய்வீடும் தந்தை பெயரில் உறுதியும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரை. நெல் விளைவது மேற்கில். மக்கள் நெருங்கி வாழ்வது கிழக்கில். இந்நில அமைப்பை மனத்திற்கொண்டாற்றான் இங்குள்ள வீட்டுப் பிரச்சினை விளங்கும்.

பிரித்தானியக் கிராமங்களில் நகரத்துச் செல்வர் வீடுகளை வாங்கிக் குவிப்பதால் உள்ளூர் இளைஞர் தவிக்கின்றனர் என்று அந்நாட்டார் கவலைப்படுகின்றனர். அங்கே வருமானத்தையும் விலையையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்ப்பர். மட்டக்களப்பிலோ, "எத்தனை பெண்பிள்ளைகள்?" என்பதே முதற் கணக்கு. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்தவளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்த பெற்றோர், அடுத்தவளுக்காக அருகே இன்னொன்று கட்டுவர். தமக்கை தங்கையருக்கு வீடு அமையும்வரை சகோதரர் உழைப்பர்.

இவ்வழக்கத்தின் பின்னணியில் நிற்பது தாய்வழிக் குடிமுறை. முக்குவர் சட்டம் எனப்பட்ட மரபுரிமை விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்விதிகளைச் செயலிழக்கச் செய்தது. ஆயினும் வழக்கம் அழியவில்லை. புதிய சட்டம் இறந்தவரின் சொத்தைப் பற்றியது. சீதனமோ பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உறுதி எழுதிக் கொடுப்பது. ஆகவே வீடு தொடர்ந்தும் தாயிடமிருந்து மகளுக்கே சென்றது. கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் அவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை.

ஆனால் நிலம் வளர்வதில்லை. தலைமுறைதோறும் வளவுகள் துண்டாயின. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் இளையவளுக்கு மேல்மாடி என்ற நிலை வந்தது. போர்க்காலத்தில் படுவான்கரையிலிருந்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2007இல் மாத்திரம் இம்மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். சீதன வீடு கட்டுவதற்கென்றே எத்தனையோ பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. நாவலடி, கல்லடிக் கரையோரங்களில் வீடுகள் அடியோடு போயின. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் தடை விதித்தது. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். உதவி நிறுவனங்கள் வீடு கட்டித் தந்தன. ஆனால் "குடும்பத் தலைவர்" என்ற பத்தியில் ஆணின் பெயரை எழுதியே பல இடங்களில் வீடு வழங்கப்பட்டது. அலை அடித்துச் சென்றது மனைவியின் சீதன வீடு. திரும்பக் கிடைத்தது கணவனின் வீடு! தாயை இழந்த மகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தந்தை மறுமணம் செய்தால், தாய்வழி வரவேண்டிய வீட்டுக்கு அவள் எந்த உறுதியைக் காட்டுவாள்?

அரச காணிகளிலும் இக்குறை நெடுங்காலம் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை தந்தது. அது 2022இற்றான் திருத்தப்பட்டது.

சீதன முறை பெற்றோருக்குப் பெருஞ்சுமை என்பதை எவரும் மறுக்க முடியாது. வீடு கட்ட இயலாத ஏழையின் மகள் முதிர்கன்னியாய்க் காத்திருப்பதும் இம்முறையின் மறுபக்கமே. எனினும் சுமையைக் குறைப்பது வேறு, உரிமையைப் பறிப்பது வேறு. இனி இவ்வாவிக்கரையில் எவர் வீட்டுத்திட்டம் வகுத்தாலும், செங்கல்லைக் கணக்கிடுமுன் பழைய உறுதி யார் பெயரில் இருந்தது என்று கேட்கட்டும்.